ஆயிரம் யார் இலக்கும் துப்பாக்கித் தொலைகாட்டியும்

குறிபார்த்துச் சுடுதல் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது, பாடசாலைப் படைபயில் மாணவர் நிலத்திற் குப்புறக் கிடந்து, மூச்சையடக்கி, .22 துப்பாக்கியின் விசையை மெல்ல அழுத்தும் காட்சியேயாகும். அங்கே சோதிக்கப்படுவன கையின் உறுதியும் கண்ணின் கூர்மையுமாம். ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றி வளர்ந்த ‘பெஞ்ச்றெஸ்ற்’ என்னும் ஆட்டமோ இதற்கு நேர்மாறான கொள்கையை உடையது. அதிலே சுடுவோன் ஓர் உறுதியான மேசையின் முன் அமர்கின்றான். துப்பாக்கியின் முற்பகுதி பாரமானதோர் உலோகத் தாங்கியின் மீதும், பிற்பகுதி மணற்பையின் மீதும் கிடக்கின்றன. மனிதக் கையின் நடுக்கம் இயன்றமட்டும் அகற்றப்படுகின்றது. எஞ்சி நிற்பன துப்பாக்கி, தோட்டா, காற்று, கண் என்னும் நான்குமே. பலர் துப்பாக்கியைக் கன்னத்தாலுந் தொடார். விசையை மாத்திரம் விரல் நுனியால் தொட்டு, பின்னுதைப்பைத் தடையின்றி ஓடவிடுவர்.

இவ்வாட்டத்தின் தேசிய சங்கம் அந்நாட்டில் 1951 இல் அமைந்தது. தொடக்கத்திலே 100 யாரும் 200 யாரும் இதன் தூரங்கள். 1967 இல் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போட் நகரில் ஆயிரம் யாருக்கென்றே ஒரு கழகம் தோன்றியபின், நெடுந்தூரச் சூடு தனிக் கலையாயிற்று. வெற்றி தோல்வியைத் துணியும் அளவை மிக எளிது: ஐந்து அல்லது பத்துச் சன்னங்கள் தாளிற் செய்த துளைகளுள், ஒன்றுக்கொன்று மிக விலகிய இரண்டின் மையங்களுக்கிடையே உள்ள தூரம் யாது? அத்தூரம் குறையக் குறையச் சிறப்பு. 2007 இல் ஒகையோ மாநிலத்தில் ஒருவர் ஆயிரம் யாரிலே ஐந்து சன்னங்களை 1.403 அங்குலத்துள் அடக்கினார். அது பின்னர் முறியடிக்கப்பட்டதாயினும், பத்து வயல் வரப்புகளுக்கு அப்பால் வைத்த தீப்பெட்டி ஒன்றை ஐந்து முறை தொட்டதற்கு அது நிகர் என்பதை எண்ணிப் பார்க்க.

இவ்வளவு நுண்மை வேண்டுமிடத்து, துப்பாக்கியின் மேலேறியிருக்கும் தொலைகாட்டி வெறும் பார்வைத்துணை மாத்திரமன்று, அதுவே அளவுகருவி. அளவுகோல் வளைந்திருப்பின் அளக்கப்படும் பொருளைக் குறை கூறுதல் பேதைமை. ஆயின் நடைமுறையில் அப்பேதைமையே பெரிதும் நிகழ்கின்றது. துளைகள் சிதறினால் முதலில் வெடிமருந்தின் மீது பழி. அடுத்துச் சன்னத்தின் மீது. பின்னர் குழலின் மீது. போட்டிக் குழல் ஒன்று நுண்மை கெடாமற் சில ஆயிரஞ் சூடுகளையே தாங்கும். அதன் விலையும் அற்பமன்று. நல்ல குழலைக் கழற்றி எறிந்து புதுக்குழல் பூட்டியபின்னும் சிதறல் நீங்காதபோதே, குற்றவாளி மேலே அமர்ந்திருந்த கண்ணாடிக் குழாய் என்பது புலனாகின்றது. அதற்குள் ஒரு போட்டிக் காலம் முழுதுங் கழிந்துவிடும். எனவே தொலைகாட்டியைத் தேர்ந்தெடுக்குங் கலையை அறிதல் பணத்தையும் காலத்தையும் காப்பதாகும்.

முதலில் அளவையைத் தெளிவோம். வட்டத்தின் ஒரு பாகையை அறுபது கூறாக்கின் ஒரு கூறு ஒரு கலை. ஒரு கலை 100 யாரிலே 1.047 அங்குலத்தையும், 1000 யாரிலே 10.47 அங்குலத்தையும் அடைக்கும். துப்பாக்கித் தொலைகாட்டியின் மேலும் பக்கத்திலும் உள்ள குமிழ்களைத் திருப்பும்போது ‘சொடுக்’, ‘சொடுக்’ என்று படிபடியாக நகரும். போட்டிக்குரிய கருவிகளில் ஒரு சொடுக்கு எட்டிலொரு கலை. அதாவது ஆயிரம் யாரிலே ஏறத்தாழ 1.3 அங்குலம். முற்கூறிய ஒகையோச் சாதனை முழுவதும் ஏறக்குறைய ஒரு சொடுக்கினுள் அடங்கிவிட்டது என்பது கணக்குப் பார்ப்பார்க்கு விளங்கும். நாலிலொரு கலைச் சொடுக்குடைய வேட்டைக் கருவி இங்கே ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி உருப்பெருக்கம். கடைக்குச் செல்வோர் முதலிற் கேட்பது ‘எத்தனை மடங்கு?’ என்பதே. நாற்பது, ஐம்பது, அறுபது, எண்பது என்று எண்கள் உயர்ந்து செல்கின்றன. எண் உயர மதிப்பும் உயரும் என்னும் எண்ணம் இயல்பே. ஆயினும் ஒளியியல் இவ்வாசைக்கு ஒரு வேலி கட்டியுள்ளது. ஒளி அலையாதலின், எந்த வில்லையும் தன் விட்டத்தால் வரையறுக்கப்பட்ட ஓரெல்லைக்கு அப்பால் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டமாட்டாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலறிஞரான டோஸ் என்பார் தந்த விதி யாதெனில், 116 ஐப் பொருள்வில்லையின் மில்லிமீற்றர் விட்டத்தால் வகுத்தால் அவ்வெல்லை விகலையிற் கிடைக்கும் என்பதாம். 52 மில்லிமீற்றர் வில்லைக்கு இது ஏறத்தாழ 2.2 விகலை, ஆயிரம் யாரிலே அஃது ஏறக்குறைய நாலு தசம் அங்குலம். ஆறு மில்லிமீற்றர்ச் சன்னத்தின் துளையோ கால் அங்குலத்துக்குஞ் சற்றுக் குறைவு. காற்று முற்றுந் தெளிந்திருந்தாலும், ஒட்டியிருக்கும் இரு துளைகளை ஆயிரம் யாரிலிருந்து பிரித்தறிதல் இக்கருவியால் இயலாது. ‘துளையைக் காணவே பெரிய பெருக்கம் வாங்கினேன்’ என்பாரின் நம்பிக்கை இவ்விடத்தே உடைகின்றது. இதனாலன்றோ, ஒத்திகைச் சூட்டின்போது இலக்கருகே குழியிலிருப்போர் துளைமீது வட்டத்தகடு குத்திக் காட்டுகின்றனர். போட்டிச் சூட்டின்போதோ யாதொரு குறியுங் காட்டார்.

சரி, எத்தனை மடங்கு போதும்? நல்ல கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு கலை, அஃதாவது அறுபது விகலை. 2.2 விகலையை அறுபது விகலையாக்க 27 மடங்கு போதும். எல்லையிலே கண்ணை வருத்தாது இலகுவாய்ப் பார்க்க அதனை இரட்டிப்பாக்கின் ஐம்பத்து நாலு. இதற்கு மேற்பட்ட பெருக்கம் விம்பத்தைப் பெரிதாக்குமேயன்றிப் புதிதாக ஒன்றையுங் காட்டாது. பழைய புகைப்படத்தைப் பெருப்பித்தால் மூக்கும் கண்ணும் பெருத்து மங்குவது போல. உற்பத்தியாளர் பலர் 40 முதல் 55 வரையிலே நின்றது தற்செயலன்று. 45 மடங்கும் 45 மில்லிமீற்றர் வில்லையும் உடைய லூப்போல்ட், 15 முதல் 55 வரை மாற்றத்தக்க 52 மில்லிமீற்றர் நைற்போர்ஸ் ஆகியவை இவ்வெல்லையை ஒட்டியே அமைந்தவை. யப்பானின் நகானோப் பகுதியில் 2004 இல் நிறுவப்பட்ட டியோன் நிறுவனம் ‘மார்ச்’ என்னும் பெயரில் எண்பது மடங்கு வரை செய்துள்ளது. அதனை வாங்கியோரும் பெரும்பாலான பகற்பொழுதுகளில் அப்பெருக்கத்தின் முழுப்பயனையும் பெறார். காரணம் காற்று.

பெருக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பொருள்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் பார்வைத்துண்டின் பின்னே தோன்றும் ஒளிவட்டத்தின், அஃதாவது கண்வளையத்தின், விட்டம் கிடைக்கும். 52 ஐ 55 ஆல் வகுக்க ஒரு மில்லிமீற்றருக்குஞ் சற்றுக் குறைவு. பகலிலே மனிதக் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றர் இருக்குமாதலால், காட்சி மங்கும். தலை சிறிது விலகினாற் காட்சி மறையும். மேசை முன் அமர்ந்து சுடுபவர்க்கு இது பொறுக்கத்தக்கதே. முகில் மூடிய மாலையில் மாத்திரம் இதன் தொல்லை தெரியும்.

இப்பொழுது கானலைப் பற்றிப் பேசுவோம். நெடுந்தூரச் சூட்டின் உயிர்நிலை இதுவே. வெயிலாற் சூடேறிய தரையை அடுத்த காற்றும் அதற்கு மேலுள்ள காற்றும் வெவ்வேறு வெப்பநிலையுடையன. வெப்பநிலை வேறுபடின் முறிவுச் சுட்டி வேறுபடும். முறிவுச் சுட்டி வேறுபடின் ஒளிக்கதிர் வளையும். நண்பகலிலே தார் வீதியின் மேல் நீர் நெளிவது போலத் தோன்றுவதை யாவரும் கண்டிருப்போம். ஆயிரம் யார் நீளமுள்ள அத்தகைய காற்றினூடாக நோக்கும்போது இலக்கு கொதிக்கும் பானையின் அடியிலே கிடப்பதுபோல் ஆடும். உண்மையில் அதிருந்த இடம் ஒன்று, தோன்றும் இடம் வேறொன்று. இவ்வாட்டத்தையும் தொலைகாட்டி அதே ஐம்பது மடங்கு பெருக்கிக் காட்டுகின்றது. அந்நேரத்திலே பெருக்கத்தை முப்பதுக்கு இறக்கினால் விம்பம் சிறுத்தாலும் கண் அமைதியடையும். இலக்கின் நடுவை மதிப்பிடுதல் எளிதாகும். மாற்றத்தக்க பெருக்கத்தின் சிறப்பு இதுவே.

ஆனாற் கானல் பகைவன் மாத்திரமல்லன். கானலின் நெளிவு எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே காற்று வீசுகின்றது. நெளிவு நேரே மேலெழுமாயின் குறுக்குக் காற்று ஓய்ந்துள்ளது என்க. ஆறு மில்லிமீற்றர்ச் சன்னம் ஆயிரம் யாரைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி செல்லும். மணிக்கு ஒரு மைல் வேகமுள்ள குறுக்குக் காற்று, முகத்திற் பட்டும் படாமலும் செல்லும் அக்காற்று, அந்நேரத்துள் சன்னத்தை ஏழெட்டு அங்குலம் தள்ளிவிடும். துரோணர் வைத்த பரீட்சையிலே அருச்சுனன் பறவையின் கண்ணை மாத்திரங் கண்டான். மரத்தையும் கிளையையும் காணவில்லை. ஆயிரம் யார்ப் போட்டியில் அவ்வாறு பார்ப்பவன் தோற்பான். இங்கே கண்ணுக்கும் இலக்குக்கும் இடையே உள்ள கொடிகளையும் கானலையும் கண்டவனே வெல்வான். ஆகவே கானலை நன்கு காட்டும் தெளிவான வில்லை ஒரு குறையன்று, வேண்டப்படும் குணமே.

துப்பாக்கிக் குழலிலிருந்தே எழும் வெப்பமும் விரைவாகப் பல சூடுகள் சுட்டபின் இத்தகைய நெளிவை உண்டாக்கும். இதற்கு மருந்து எளிது: தொலைகாட்டியின் முகப்பிலே நீண்ட நிழற்குழாயைப் பூட்டுவர், அல்லது குழலின்மேல் மெல்லிய பட்டியொன்றை விரிப்பர்.

அடுத்தது இடமாறு தோற்றம். கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திலே வில்லையின் குவியத்தூரம் காணும் பரிசோதனையைச் செய்த எவரும் இதனை மறந்திரார். ஊசியையும் அதன் விம்பத்தையும் ஒன்றன்மேலொன்றாகக் கண்டு, தலையை இடமும் வலமும் அசைத்து, இரண்டும் பிரியாது சேர்ந்தே நகருமிடத்தைத் தேடுவோம். அவை பிரிந்து நகர்ந்தால் இரண்டும் ஒரே தளத்தில் இல்லை என்பது பொருள். துப்பாக்கித் தொலைகாட்டியிலும் அதுவே நிகழ்கின்றது. அங்கே ஊசியின் இடத்திலே குறுக்குக் கம்பிகள், விம்பமோ இலக்கினுடையது. இரண்டும் ஒரே தளத்திற் பொருந்தாவிடின், கண் சிறிது விலகியவுடன் கம்பி இலக்கின்மேல் ஊர்ந்து செல்லும். சுடுவோன் கம்பியைத் திரும்ப நடுவுக்குக் கொணர்ந்து விசையை அழுத்துவான். உண்மையிலே அவன் துப்பாக்கியைத் திருப்பிவிட்டான்.

இவ்வழுவின் உச்ச எல்லையைக் கணிக்கலாம். 52 மில்லிமீற்றர் வில்லையை 100 யாருக்குப் பொருத்திவைத்து 1000 யாரில் நோக்கின், வில்லையின் அரைவிட்டமாகிய 26 மில்லிமீற்றரின் ஒன்பது மடங்கு, அஃதாவது 234 மில்லிமீற்றர். ஒன்பது அங்குலத்துக்கு மேல். கண்வளையத்தின் ஓரத்தினூடாகப் பார்த்தால் மாத்திரமே இம்முழுவழுவும் நேரும் என்பது உண்மை. ஆயினும் அதிற் பத்திலொரு பங்கே ஓரங்குலத்தை நெருங்குமாதலால், ஒன்றரை அங்குலத் துளைத்தொகுதியை நாடுவோன் அதனை அலட்சியஞ் செய்யலாகாது. போட்டிக் கருவிகளில் முகப்பிலேனும் பக்கத்திலேனும் இதற்கென ஒரு திருகுவளையம் இருக்கும். அதிற் பொறித்த தூர எண்களை நம்புவதிலும் ஆய்வுகூடத்துத் தலையசைப்பை நம்புதலே நன்று. துப்பாக்கியை மணற்பையிற் படுக்கவைத்து, கையால் தொடாது, தலையை மாத்திரம் அசைத்துக் கம்பி நிலைக்கும்வரை வளையத்தைத் திருப்புக. அதற்கு முன்னர் பார்வைத்துண்டை வெறும் வானத்தை நோக்கித் திருப்பி, கம்பிகள் கூர்மையாய்த் தோன்றுமாறு தன் கண்ணுக்கேற்ப அமைத்திருத்தல் வேண்டும். இவ்வொழுங்கு மாறினால் இரண்டாவது முயற்சி வீணாகும்.

இதுகாறும் கூறியவை கண்ணாடி பற்றியன. கண்ணாடியின் தெளிவைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பார்த்து மயங்கவும் செய்யலாம். பார்க்கவியலாதது உள்ளே இருக்கும் பொறி. அதுவே என் மதிப்பில் முதலிடம் பெறவேண்டியது.

தொலைகாட்டியின் உள்ளே தலைகீழ் விம்பத்தை நிமிர்த்தும் வில்லைகளைக் கொண்ட சிறு குழாய் ஒன்று உண்டு. ஒரு முனையிற் சுழலிணைப்பாற் பிடிக்கப்பட்ட அக்குழாயைத் திருகாணிகள் ஒரு புறமும் வில்லுத்தகடு மறுபுறமும் நெருக்கி நிற்கின்றன. குமிழைத் திருப்பும்போது நகர்வது அக்குழாயே. பொருள்வில்லையின் குவியத்தூரம் 200 மில்லிமீற்றர் எனக் கொண்டால், எட்டிலொரு கலைக்கு அக்குழாயின் முனை நகரவேண்டிய தூரம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழு பங்கு. தலைமயிரின் தடிப்பிற் பத்திலொன்று! ஒவ்வொரு சூட்டின் உதைப்பின்பின்னும் அக்குழாய் அதே இடத்துக்கு, அத்தகைய நுண்மையோடு, திரும்பி வந்து அமர்தல் வேண்டும். வில்லுத்தகடு சிறிது தளர்ந்தாலும், சுழலிணைப்பிற் சிறிது இடைவெளி இருந்தாலும், ஒரு சன்னம் மற்றவற்றை விட்டு விலகிச் செல்லும். அது கண்ணுக்குத் தெரியாது. கம்பி இலக்கின் நடுவிலே தான் நிற்பதாகத் தோன்றும்.

பழைய கருவிகள் இத்தொல்லையை வேறு வகையில் தவிர்த்தன. 1930களிலிருந்து பிற்ஸ்பேர்க் நகரிலே யூனேர்ட்டில் நிறுவனம் செய்த நீண்ட மெல்லிய தொலைகாட்டிகளிலும், லைமன் நிறுவனத்தின் போட்டித் தொலைகாட்டிகளிலும் உள்ளே நகரும் உறுப்பு இல்லை. தொலைகாட்டி முழுவதையுமே வெளியிலுள்ள நுண்மானித் திருகுகள் தாங்கி நகர்த்தின. உதைப்பின்போது துப்பாக்கி பின்னே ஓட, தொலைகாட்டி தன் தாங்கியிற் சறுக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். பார்வைக்கு இவை இன்று பழங்காலத்தனவாகத் தோன்றலாம். ஆனால் குறுந்தூரப் போட்டியாளர் சிலர், தற்காலத் தொலைகாட்டியின் உட்குழாயைப் பசையிட்டு இறுக்கி அசைவறச் செய்து, வெளித்தாங்கியாலேயே நகர்த்தும் வழக்கத்துக்கு மீண்டது, பழையோர் கொண்ட கொள்கையின் வலிமையை உணர்த்துகின்றது.

ஆயிரம் யார் ஆட்டத்திலே இன்னொரு தேவையும் சேர்கின்றது. 100 யாருக்குப் பொருத்திய துப்பாக்கியை 1000 யாருக்கு உயர்த்த, சாதாரண ஆறு மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கே முப்பது கலை அளவில் வேண்டும். அவ்வளவையும் குமிழாலே உயர்த்தினால் உட்குழாய் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஓரத்திலே வில்லுத்தகட்டின் பிடி சமனற்றது, விம்பமும் மங்குவது. ஆதலின் தொலைகாட்டியைப் பூட்டும் அடித்தகட்டையே முன்புறம் இருபது கலை சரித்துச் செய்வர். சிறிய செலவில் பெரிய பயன் தரும் இத்தகட்டை வாங்காது, விலையுயர்ந்த கண்ணாடியை மாத்திரம் வாங்குவோரும் உளர்.

குறுக்குக் கம்பியைப் பற்றி நீட்டித்துச் சொல்லவேண்டியதில்லை. மெல்லியதாக, நடுவிலே எட்டிலொரு கலையளவான ஒரு புள்ளியோடு இருத்தல் போதும். அது ஆயிரம் யாரிலே 1.3 அங்குலத்தையே மறைக்கும். கம்பி பின்தளத்தில் அமைந்ததாயிருத்தல் வேண்டும். முன்தளத்துக் கம்பி பெருக்கத்தோடு சேர்ந்து தானும் தடித்து இலக்கின் நடுவை மறைத்துவிடும்.

பாரமும் கணக்கிற் கொள்ளத்தக்கது. குறுந்தூரப் போட்டியின் இலேசான வகுப்பிலே தொலைகாட்டியுட்படத் துப்பாக்கி 10½ இறாத்தலுக்கு மேற்படலாகாது. அங்கே 28 அவுன்சுக் கருவியைப் பூட்டினால் அப்பாரத்தைக் குழலிலிருந்தே குறைக்க நேரும்; குழல் மெலிந்தால் அதிர்வு மிகும். எனவே 100, 200 யாருக்கு மாறாப் பெருக்கமுடைய இலேசான கருவியே தக்கது. உறுப்புகள் குறைவாதலின் பழுதும் குறைவு. ஆயிரம் யார் இலேசு வகுப்பின் எல்லை 17 இறாத்தலாதலால் அங்கே மாற்றத்தக்க பெருக்கமுடையதைத் தாராளமாய்ப் பூட்டலாம். கானல் ஆளும் தூரத்திலே அதனையே யான் விதப்பேன்.

வாங்கியபின் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பலர் செய்யாததும் அதுவே. பாரமானதோர் இரும்புக் கட்டையிலே தொலைகாட்டியை இறுக்கி, சரியாக நூறு யாருக்கு அப்பால் நிமிர்ந்த கோடொன்றைத் தூக்குநூல் கொண்டு வரைந்து, அதன் அடியிலே கம்பியைப் பொருத்துக. 240 சொடுக்குகள் திருப்பின் முப்பது கலை; கம்பி கோட்டின்மேல் 31.4 அங்குலம் நகர்ந்திருத்தல் வேண்டும். நகர்ந்ததோ? கோட்டைவிட்டுப் பக்கவாட்டிற் சாயாது நகர்ந்ததோ? 240 சொடுக்குகளைத் திரும்ப இறக்கினால் தொடங்கிய புள்ளியிலே வந்து அமர்கின்றதோ? இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. உதைப்பைத் தாங்குமோ என்பதை அறிய வேறு வழி. பழுதற்றதென முன்னரே அறியப்பட்ட இரண்டாவது தொலைகாட்டி ஒன்றைத் துப்பாக்கியின் மேல் அருகருகே பூட்டி, இரண்டின் கம்பிகளையும் ஒரே புள்ளியிற் பொருத்தி, ஒரு சூடு சுட்டபின் மீண்டும் நோக்குவர். ஒன்றின் கம்பி அப்புள்ளியில் நிற்க மற்றதன் கம்பி விலகியிருந்தால், குழலைக் கழற்றுங் கருவியை உறையிலே வைத்துவிட்டுத் தொலைகாட்டியை விற்றவரிடம் திருப்பி அனுப்பலாம்.